எந்த பவுடர் வாங்கலாம் என்று கேட்ட திருப்பூர் தம்பிக்கு

கேள்வி: டாக்டரம்மா, நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை பார்க்கிறேன். மனைவிக்கு 24 வயது, அதே கம்பெனியில் செக்கிங். முதல் குழந்தை, ஐந்தரை மாதம். உயரம் 152 செ.மீ., கல்யாணத்தின்போது 41 கிலோ, இப்போது 43. ரத்தம் 9.2 என்றார்கள். ஸ்கேனில் குழந்தை நன்றாக இருக்கிறது, எடைதான் கொஞ்சம் குறைவு என்றார்கள். சத்து மாத்திரை போட்டால் குமட்டுகிறது என்று நிறுத்திவிட்டாள். என் அம்மா, நிறையச் சாப்பிட்டால் குழந்தை பெரிசாகி ஆபரேஷனில் முடியும், அளவாகச் சாப்பிடட்டும் என்கிறார். என் அக்கா குழந்தையும் 1.9 கிலோதான் பிறந்தது, இப்போது ஓடி விளையாடுகிறது. மெடிக்கலில் 650 ரூபாய்க்கு ஒரு புரோட்டீன் பவுடர் சொல்கிறார்கள். எந்த பவுடர் நல்லது, மாதம் எத்தனை டின் வாங்க வேண்டும்?

பதில்:

தம்பி, பவுடர் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம், இல்லையென்றால் மற்றது எதைச் சொன்னாலும் உங்கள் மனசு அந்த டின்னிலேயே இருக்கும். எதுவும் வாங்க வேண்டாம். அந்தக் கடையில் நின்று ஒரு டின்னைத் திருப்பி லேபிளைப் படியுங்கள், பல டின்களில் முதல் இரண்டு மூன்று பெயர்களுக்குள் சர்க்கரை வந்துவிடும். முட்டை ஏழு ரூபாய் என்றே வைத்தாலும் 650 ரூபாய்க்குத் தொண்ணூறு முட்டைக்கு மேல் வரும், அதாவது மாதம் முழுக்க தினம் மூன்று. ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம். கணக்கு அவ்வளவுதான்.

காசு வீண் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. 1970-களில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், எடை குறைந்த குழந்தை பிறக்க வாய்ப்புள்ள ஏழைக் கர்ப்பிணிகளுக்கு அதிகப் புரதம் சேர்த்த பானம் கொடுத்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்தபடி எடை கூடவில்லை, அந்தக் குழுவில் மிகக் குறைமாதப் பிறப்புகள்தான் கூடுதலாகத் தெரிந்தன. உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட கர்ப்பகால வழிகாட்டுதலிலும் அதிகப் புரதச் சத்துப்பொருள் வேண்டாம் என்றே இருக்கிறது. போதிய உணவு கிடைக்காத பெண்களுக்கு அது சொல்வது கலோரியும் புரதமும் சரிவிகிதத்தில் கலந்த கூடுதல் உணவு. ஏனென்றால் வயிற்றுக்குப் போகிற மொத்தச் சாப்பாடே குறைவாக இருந்தால், உடம்பு அந்தப் புரதத்தையும் அடுப்பில் போட்டு எரித்துவிடும், குழந்தையின் சதைக்கு அது போய்ச் சேராது.

சரி, அப்படியானால் உங்கள் மனைவி ஒரு நாளில் என்னதான் சாப்பிடுகிறார்? நீங்கள் எழுதவில்லை. பவுடர் விலை எழுதியவர் இதை எழுதவில்லை என்பதைக் கொஞ்சம் யோசியுங்கள். கம்பெனிக்குப் போகிற பெண்களைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஓரளவு தெரியும், தப்பாக இருந்தால் எழுதுங்கள். காலையில் எல்லோருக்கும் சமைத்து டிபன்பாக்ஸ் கட்டிவிட்டு, நேரமாகிவிட்டது என்று டீயோடு ஓட்டம். பதினோரு மணி டீக்கு ஒரு பன்னோ வடையோ. மதியம் டப்பாவில் சாதம், ரசமோ புளிக்குழம்போ, கொஞ்சம் பொரியல். சாயங்காலம் மறுபடி டீ. ஒன்றரை ஷிஃப்ட் என்றால் வீட்டுக்கு வர எட்டரை, ஒன்பது. அப்புறம் தோசை ஊற்றி எல்லோருக்கும் போட்டுவிட்டு, மாவு மிச்சம் இருந்தால் இரண்டு, சட்னி தீர்ந்திருந்தால் பொடி. இதில் முட்டை எங்கே, பருப்பு எங்கே, பால் எங்கே? நாளுக்கு மூன்று டீ மட்டும் தவறாமல் இருக்கிறது.

கர்ப்பத்தின் நடுப்பகுதியிலிருந்து ஒரு பெண்ணுக்கு வழக்கத்தைவிட தினம் 350 கலோரி கூடுதலாக வேண்டும் என்பது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு. பயப்படுகிற அளவு இல்லை. இரண்டு இட்லி, ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம், முடிந்தது. 'ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும்' என்று தட்டு நிறைய சோறு வைக்கிற வேலையும் இது இல்லை. ஆனால் உங்கள் மனைவி 41 கிலோவில் தொடங்கியவர், அந்த உயரத்துக்கு ஏற்கெனவே எடை குறைவு (உயரத்துக்கு எடை பொருந்துகிறதா என்று காட்டும் பி.எம்.ஐ. 18-க்கும் கீழே வருகிறது), ஆகவே அவருக்கு இதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே தேவை. இப்படி மெலிந்தவர்கள் மொத்தக் கர்ப்பகாலத்தில் 12 கிலோவுக்குக் குறையாமல் ஏறினால் நல்லது. இவர் ஐந்தரை மாதத்தில் ஏறியது 2. இன்னும் 17, 18 வாரம் இருக்கிறது, வாரம் அரை கிலோ வைத்தால் எட்டு ஒன்பது கிலோ ஏற்றலாம். வாரம் ஒருநாள், ஒரே தராசில், காலையில் எடை பார்த்துக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் முள் அசையவில்லை என்றால் அடுத்த செக்கப் தேதிவரை காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள்.

நேரம் இருக்கிறது என்று ஆறுதலுக்குச் சொல்லவில்லை. இந்த மாதத்தில் குழந்தை அரை கிலோகூட இருக்காது, ஏழு மாதம் முடியும்போது ஒரு கிலோ, அப்புறம் அந்தக் கடைசி இரண்டு இரண்டரை மாதத்தில்தான் மீதி எடை முழுக்க ஏறும். 1944-45 குளிர்காலத்தில், போர் நடந்துகொண்டிருந்தபோது, நெதர்லாந்தின் மேற்குப் பகுதியில் பெரும் பஞ்சம். ஆளுக்கு நாளொன்றுக்கு ஆயிரம் கலோரிகூடக் கிடைக்காத நாள்கள் அவை. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் அந்தப் பஞ்சத்தில் சிக்கிய தாய்மார்களுக்குக் குழந்தை ஏறக்குறைய 300 கிராம் குறைந்து பிறந்தது. முதல் மூன்று மாதம் மட்டும் பட்டினி கிடந்து பிறகு சாப்பாடு கிடைத்தவர்களுக்கு எடை குறையவில்லை. (வளர்ந்தபின் அந்தப் பிள்ளைகளுக்கு வேறு கோளாறுகள் வந்தன, அது தனிக் கதை.) அதனால்தான் ஸ்கேனில் 'கொஞ்சம் குறைவு' என்றதற்கு இப்போதே கலங்க வேண்டாம் என்கிறேன். ஸ்கேன் எடை என்பதே அளவெடுத்துப் போடுகிற மதிப்பீடுதான், நூற்றுக்குப் பத்து பதினைந்து முன்னே பின்னே இருக்கும்.

அடுத்தது ரத்தம். எனக்கு அதிகக் கவலை இதில்தான். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகை, பத்துக்குக் கீழே என்றால் நடுத்தரம், 9.2 அங்கேதான் வருகிறது. ரத்தசோகை இருந்தால் குழந்தை எடை குறையவும் மாதம் முடியும் முன்பே பிறக்கவும் வாய்ப்பு கூடுகிறது, பிரசவத்தின்போது கொஞ்சம் ரத்தப்போக்கு ஆனாலும் தாங்குகிற சக்தி அம்மாவுக்கு இருக்காது. நம் தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது இருப்பதால் 'எல்லோருக்கும் உள்ளதுதானே' என்று ஆகிவிட்டது.

மாத்திரை ஏன் குமட்டுகிறது? அனேகமாகக் காலையில் டிபன் சாப்பிட்டும் சாப்பிடாமலும் டீயோடு போடுகிறார். வெறும் வயிற்றில் இரும்பு குமட்டும், மேலே டீ குடித்தால் இரும்பு உடம்பில் சேராமலே போய்விடும், குமட்டியதும் வீண், போட்டதும் வீண். இரவுக்கு மாற்றுங்கள். சாப்பிட்டு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து, படுக்கப் போகும்போது, ஒரு எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்த்து. குமட்டினாலும் தூக்கத்தில் போய்விடும். சுண்ணாம்புச் சத்து மாத்திரையை இதோடு சேர்க்கவே கூடாது, அதைக் காலை டிபனுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் பின்னால் வைத்துக்கொள்ளட்டும். மலம் கறுப்பாகப் போகும், அது சாதாரணம். மலச்சிக்கல் வரும், தண்ணீர், கீரை, கொய்யா. மாத்திரை போட்டால் குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்று யாராவது காதில் ஓதியிருந்தால் அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், நிறையப் பேர் 'குமட்டுகிறது' என்று சொல்லி நிறுத்துவதற்கு உண்மைக் காரணம் இதுவாக இருக்கும். நிறம் அப்பா அம்மாவிடமிருந்து வருகிறது, மாத்திரையிலிருந்து இல்லை.

9.2-க்கு தினம் ஒன்று போதாது, பொதுவாக இரண்டு கொடுப்பார்கள், உங்கள் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் 'மாத்திரையை நிறுத்திவிட்டாள்' என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். திட்டுவார்கள், பரவாயில்லை. அப்போதுதான் மாத்திரையே தொடரலாமா, இரும்புச்சத்தை டிரிப்ஸில் ஏற்றலாமா என்று அவர்கள் சரியாக முடிவெடுக்க முடியும். அது அங்கேயே இலவசமாகச் செய்கிறார்கள், ரத்தம் ஏற்றுவது வேறு, இது வேறு, வீட்டில் பயப்பட வைக்காதீர்கள். பூச்சி மாத்திரை ஒன்று கொடுத்தார்களா என்றும் கேளுங்கள். ஒழுங்காகப் போட்டும் நான்கு வாரத்தில் ஒரு கிராம்கூட ஏறவில்லை என்றால் காரணம் வேறு, பி12 வைட்டமின் குறைவோ, தலசீமியா என்கிற பரம்பரை ரத்தக் கோளாறோ என்று பார்க்க வேண்டிவரும்.

ரத்தத்துக்கு மாதுளையும் பீட்ரூட்டும் பேரீச்சம்பழமும் வாங்கிக் குவித்திருப்பீர்கள் என்று தெரியும். தின்னட்டும், நல்ல பழங்கள்தான். ஆனால் சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தம் ஆகாது தம்பி, 100 கிராம் மாதுளையில் இரும்பு ஒரு மில்லிகிராம்கூட இல்லை, அந்தச் சின்ன அரசாங்க மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம். அசைவம் சாப்பிடுகிற வீடு என்றால் வாரம் ஒருமுறை ஆட்டுச் சுவரொட்டி (மண்ணீரல்) வாங்கி மிளகு போட்டு வதக்கிக் கொடுங்கள், நன்றாக வேக வேண்டும். அந்த இரும்பு உடம்பில் சுலபமாகச் சேரும். முருங்கைக்கீரை, கேழ்வரகு, தட்டைப்பயறு எல்லாம் தொடரட்டும், மாத்திரைக்குப் பதிலாக இல்லை, மாத்திரையோடு.

இனி உங்கள் அம்மா சொல்வது. அவரிடம் கோபப்பட வேண்டாம், ஆஸ்பத்திரி பக்கத்தில் இல்லாத காலத்தில் குழந்தை குறுக்கே மாட்டிக்கொண்டு தாய் செத்துப்போனதைப் பார்த்த தலைமுறை, அந்தப் பயத்தில் வந்த பேச்சு அது. ஆனால் கணக்கு தப்பு. வயிற்றைக் காயப்போட்டால் குழந்தையின் உடம்பு மெலியுமே தவிர தலை அந்த அளவுக்குச் சிறுக்காது, இருக்கிற சத்தை மூளைக்குத்தான் முதலில் அனுப்பும் அந்த உடம்பு. வழியில் வர வேண்டியது தலை. அதோடு, சத்தில்லாத குழந்தைக்கு வலி நேரத்தில் தாக்குப்பிடிக்கத் தெம்பு இருக்காது, நாடித்துடிப்பு இறங்கும், உடனே ஆபரேஷன் என்பார்கள். எதற்குப் பயந்து சோற்றைக் குறைத்தீர்களோ அதே தியேட்டர் வாசலில் நிற்க வேண்டிவரும். குழந்தை அளவுக்கு மீறிப் பெரிசாவது பெரும்பாலும் கர்ப்பிணிக்குச் சர்க்கரை இருந்தால். 75 கிராம் குளுக்கோஸ் குடிக்க வைத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கிற பரிசோதனையை ஆறு, ஏழாம் மாதத்தில் மறுபடி எடுத்துவிடுங்கள், 140-க்குக் கீழே இருந்தால் அந்த ரிப்போர்ட்டை உங்கள் அம்மாவிடமே காட்டுங்கள்.

அக்கா குழந்தை நன்றாக இருப்பதில் எனக்கும் சந்தோஷம். இரண்டரை கிலோவுக்குக் குறைந்து பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் பிழைத்து நன்றாகவே வளர்கிறார்கள். ஆனால் முதல் சில வாரம் உடம்புச் சூடு தங்காது, இழுத்துப் பால் குடிக்க மாட்டார்கள், சளியும் தொற்றும் சீக்கிரம் பிடிக்கும். உங்கள் அக்கா அந்த நாள்களில் எப்படித் தூங்கினார் என்று கேட்டுப் பாருங்கள். நடு வயதில் சர்க்கரையும் இதய நோயும் வருகிற வாய்ப்பும் இவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல்.

புனேவுக்குப் பக்கத்தில் ஆறு கிராமங்களில் 1990-களில் கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு இருக்கிறது. அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி 2.7 கிலோவுக்குள்தான். மொத்தக் கலோரியையும் புரதத்தையும் மட்டும் பார்த்தால் எடையோடு பெரிய தொடர்பு தெரியவில்லை, பால், கீரை, பழம் இந்த மூன்றையும் அடிக்கடி சாப்பிட்டவர்களுக்குத்தான் குழந்தை பெரிதாக இருந்தது, அதிலும் 40 கிலோவுக்குக் கீழே இருந்த மெலிந்த பெண்களிடம் இந்தத் தொடர்பு இன்னும் அழுத்தமாக. உங்கள் மனைவி ஏறக்குறைய அந்த எடைதான். அதே கிராமங்களில் வயல் வேலையும் தண்ணீர் சுமக்கிற வேலையும் அதிகம் பார்த்தவர்களுக்குக் குழந்தை சிறுத்துப் பிறந்தது என்றும் கண்டார்கள். ஒன்று சொல்லிவிடுகிறேன், இது கீரை தின்றால் அரை கிலோ ஏறும் என்கிற மந்திரம் இல்லை. பிறகு மும்பையில் இதே மூன்றையும் சேர்த்த தின்பண்டத்தைக் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே கொடுத்துப் பார்த்தபோது, மூன்று மாதமாவது முன்கூட்டித் தொடங்கியவர்களுக்குக் கிடைத்த கூடுதல் 50 கிராமுக்குள். அடுத்த குழந்தை யோசிக்கும்போது இதை ஞாபகம் வையுங்கள், எடை ஏற்றிக்கொண்டு கர்ப்பமாவதுதான் சுலபம்.

ஆகவே தினசரி எப்படி என்றால், பெரிய சமையல் எதுவும் வேண்டாம். கிளம்பும் முன் ஒரு டம்ளர் பாலும் இரண்டு இட்லியோ ஒரு தோசையோ நின்றாவது சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். பதினோரு மணிக்குப் பன்னுக்குப் பதில் டப்பாவில் அவித்த முட்டையும் ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலையும், நிலக்கடலை பித்தம் என்பார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். மதியம் பருப்போ சாம்பாரோ கெட்டியாக, கூட ஒரு கீரை. சாயங்காலம் அங்கன்வாடியில் கொடுக்கிற சத்துமாவில் வெல்லம் போட்டு இரண்டு உருண்டை, அதை வாங்காமல் விட்டிருந்தால் போய் வாங்குங்கள், அதுவும் சத்துதான், விளம்பரம்தான் கிடையாது. இரவுச் சாப்பாடு அவர் தட்டில் முதலில் விழ வேண்டும். கடைசியாகச் சாப்பிடுகிறவருக்கு எப்போதும் மிச்சம்தான். தோசையை நீங்கள் ஊற்றினால் என்ன, கட்டிங் டேபிளில் நாள் முழுக்க நிற்கிற கைக்கு அது ஒரு வேலையா.

ஒன்றரை ஷிஃப்ட்டை இந்த வாரமே நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு ஷிஃப்ட் போதும், நின்றுகொண்டே செக்கிங் பார்க்காமல் ஸ்டூல் கேட்டு வாங்கட்டும், சூப்பர்வைசர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். சம்பளம் குறையும் என்று யோசிப்பீர்கள். அவர் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் இருக்கிறதா பாருங்கள், முந்தைய இரண்டு சந்தா காலங்களில் (ஒவ்வொன்றும் ஆறு மாதம்) 70 நாளுக்குப் பணம் கட்டியிருந்தால் முழுச் சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு உண்டு, அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். கடைசி இரண்டு மாதம்தான் குழந்தை எடை ஏறும் என்றேனே, அந்த எட்டு வாரத்தைச் சேமித்து வைக்காதீர்கள். கூடவே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் பதிவு செய்திருக்கிறீர்களா? மொத்தம் 18,000 ரூபாய், அதில் 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகமாக வரும், கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது கொடுக்கிற பிக்மி எண் வேண்டும், கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டால் சொல்வார். வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு அனுப்புவீர்கள் என்றால் கர்ப்பிணி அட்டையையும் எல்லா ரிப்போர்ட்டையும் பையில் வைத்து அனுப்புங்கள், அங்கே போய் ஒரு மாதம் யாரும் எடையும் பார்க்காமல் ரத்தமும் பார்க்காமல் போவது வருஷா வருஷம் நடக்கிறது.

நேரடியாக ஒன்று கேட்கிறேன், நீங்கள் பீடி, சிகரெட் பிடிப்பீர்களா? பிடித்தால் வீட்டுக்குள்ளும் அவர் பக்கத்திலும் கூடவே கூடாது, அந்தப் புகையும் குழந்தை எடையைக் குறைக்கும். அம்மாவுக்கு வெற்றிலையோடு புகையிலை பழக்கம் இருந்து மருமகளுக்கும் ஒரு வாய் கொடுத்தால் அதையும் நிறுத்துங்கள். எடை குறைய ரத்த அழுத்தமும் சிறுநீர்த் தொற்றும்கூடக் காரணமாகும், ஒவ்வொரு செக்கப்பிலும் இரண்டையும் பார்த்தார்களா என்று கேளுங்கள். முகம் வீங்கினாலோ, விடாத தலைவலியோ கண் மங்கலோ இருந்தாலோ, ரத்தமோ நீரோ பட்டாலோ, துடித்துக்கொண்டிருந்த குழந்தை அசைவு குறைந்தாலோ, ராத்திரி என்று பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

நான்கு வாரம் கழித்து எடையும் ஹீமோகுளோபினும் எவ்வளவு என்று எழுதுங்கள், அவர் ஒரு நாளில் சாப்பிட்டதையும் நேரத்தோடு, அவரையே எழுதச் சொல்லி அனுப்புங்கள்.